பல்லணு அயனிகள்: உருப்போடுவதா, குடும்பமாகப் பிடிப்பதா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடிக்கு மாலையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் டியூஷனுக்கு வருகிறார்கள். வேதியியலில் அவர்களை அதிகம் திணறடிப்பது பல்லணு அயனிகள்தான், அதாவது பல அணுக்கள் ஒரே கட்டாகப் பிணைந்து மின்சுமையோடு இருக்கும் துகள்கள். இரண்டு வழிகளில் சொல்லிக்கொடுத்துப் பார்த்துவிட்டேன்.

பட்டியலை அப்படியே உருப்போடுவது முதல் வழி. நாளைக்கே தேர்வு என்றால் கைகொடுக்கும். ஆனால் இரண்டு வாரம் கழித்துக் கேட்டால், சல்பேட்டின் நாலு ஆக்சிஜன் சல்பைட்டுக்குப் போய்விடுகிறது.

இரண்டாவது வழியில், 'ஏட்' என்று முடிகிற அயனியை மட்டும் மின்சுமையோடு மனதில் வைத்தால் போதும். நைட்ரேட்டுக்கு மூன்று ஆக்சிஜன், மின்சுமை கழித்தல் ஒன்று. சல்பேட்டுக்கு நாலு, கழித்தல் இரண்டு. ஓர் ஆக்சிஜனைக் குறைத்தால் நைட்ரைட், சல்பைட், மின்சுமை மாறாது. குளோரின் குடும்பம் இன்னும் அழகு. மூன்று ஆக்சிஜன் உள்ள குளோரேட் தெரிந்தால், ஒன்று கூட்டிப் பெர்குளோரேட், ஒன்று குறைத்துக் குளோரைட், இரண்டு குறைத்து ஹைப்போகுளோரைட். பிளீச்சிங் பவுடர் வெளுப்பது அந்தக் கடைசி அயனியால்தான்.

இதில் நம் காதுக்கு ஒரு சிக்கல் உண்டு. சல்பைட், சல்பைடு இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும். சல்பைடில் ஆக்சிஜனே கிடையாது, வெறும் கந்தகம். அதனால் இந்த இரண்டை மட்டும் ஆங்கில எழுத்துக்கூட்டலோடு எழுதிப் பார்க்கச் சொல்கிறேன்.

உருப்போடும் வழியின் பெரிய குறை வேறு இடத்தில் தெரிந்தது. பட்டியலைத் தடங்கலில்லாமல் ஒப்பிக்கும் ஒரு பெண், கால்சியம் ஹைட்ராக்சைடை அடைப்புக்குறி இல்லாமல் CaOH₂ என்று எழுதிவிட்டு, "ரெண்டு போட்டுட்டேன், சரிதானே அக்கா?" என்றாள். அணுக்களை எண்ணச் சொன்னேன். ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்றே ஒன்று. பாட்டி வெற்றிலையில் தடவும் சுண்ணாம்புதான் அது, அதில் ஆக்சிஜனும் இரண்டு இருக்க வேண்டும். அவளுக்கு ஹைட்ராக்சைடு வெறும் எழுத்து வரிசையாக இருந்தது, ஒரே கட்டாக இல்லை.

அப்புறம் வெடியுப்பை, அதாவது பொட்டாசியம் நைட்ரேட்டைச் சொன்னேன். தண்ணீரில் கரைந்தால் பொட்டாசியம் தனியே பிரியும். நைட்ரேட் உடையாது, ஏனென்றால் அதன் அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து பிணைந்திருக்கின்றன. உடனே நோட்டில் அடைப்புக்குறி போட்டு, இரண்டை வெளியே நகர்த்தினாள்.

எனக்கு இரண்டாவது வழிதான். ஆனாலும் ஹைட்ராக்சைடு, சயனைடு, அம்மோனியம் இந்தக் குடும்பங்களில் அடங்காது, தனியே உருப்போடத்தான் வேண்டும். அந்த மூன்றையும் பெரிதாக எழுதி மாடிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன்.