1990 சுவசெரிய: பூசைக்குப் போகும் வழியில் ஒருவர் விழுந்து கிடந்தால்

லூக்கா நற்செய்தி 10இல் இயேசு சொன்ன கதையில், அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிப் போன குருவுக்கும் லேவியனுக்கும் சொல்ல ஒரு சாட்டு இருந்தது: பிணத்தைத் தொட்டால் ஏழு நாள் தீட்டு (எண்ணிக்கை 19). கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு விரைகிறவருக்கு அந்தச் சாட்டும் இல்லை. பாரதூரமான காரணம் இருந்தால் ஞாயிறு பூசைக் கடன் கட்டாது என்று திருச்சபையே சொல்கிறது. இரத்தம் ஓடக் கிடப்பவரைவிடப் பாரதூரமான காரணம் வேறென்ன?

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016இல் இந்திய அரசின் நன்கொடையோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. இப்போது நாடெங்கும் ஓடுகிறது. அந்தக் கதையில் அடிபட்டவனைக் காப்பாற்றிய சமாரியன் சத்திரக்காரனிடம் கொடுத்த இரண்டு தெனாரியம் இரண்டு நாள் கூலி. இங்கே ஒரு சதமும் கேட்கமாட்டார்கள். பயிற்சி பெற்ற உதவியாளர் வண்டியிலேயே சிகிச்சையைத் தொடங்குவார். கொழும்பில் இவ்வளவு நம்பிப் பரிந்துரைக்கக்கூடிய சேவை அதிகம் இல்லை.

தாமதம் அழைப்பவராலும் வரலாம். "கோயிலுக்குக் கிட்ட" என்றால் கொட்டாஞ்சேனையில் எந்தக் கோயில்? வீதிப் பெயர், பக்கத்துக் கடைப் பலகையில் உள்ள இலக்கம், எத்தனை பேருக்குக் காயம், மூச்சு இருக்கிறதா என்று வரிசையாகச் சொல்லுங்கள். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். வழி கேட்டுத் திரும்ப எடுக்கலாம் என்பதால், அதே போனில் சொந்தக்காரருக்கு அடித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். சந்தியில் ஓராளை நிறுத்துங்கள்.

வண்டி வரும்வரை செய்யவேண்டியதில்தான் நம் ஆட்கள் அதிகம் பிழைவிடுகிறார்கள். சமாரியன் தன் விலங்கில் ஏற்றினான் என்பதற்காக நாம் ஓட்டோவில் திணிக்கக்கூடாது; முள்ளந்தண்டு முறிந்திருந்தால் அந்த ஒரு மடிப்பிலேயே கால் விளங்காமல் போகலாம். எண்ணெயும் மதுவும் அன்றைய மருந்து. இன்று காயத்தில் எண்ணெய், கோப்பித்தூள், பற்பசை எதுவும் படக்கூடாது. சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று தூக்கித் தூக்கிப் பார்த்தால் உறைந்த இரத்தம் கிழிந்து மறுபடி ஓடும். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்று. கையுறை இல்லையென்றால் பொலித்தீன் பையொன்றைக் கையில் மாட்டலாம். குத்தி நிற்கும் கண்ணாடியைப் பிடுங்கவேண்டாம். தண்ணீரும் சோடாவும் வேண்டாம். மயங்கினவருக்கு அது மூச்சுக்குழாய்க்குள் போகும். வாந்தி எடுத்தால் தலையையும் உடம்பையும் சேர்த்து ஒரு பக்கமாகத் திருப்புங்கள்.

வண்டி வந்ததும் எத்தனை மணிக்கு விழுந்தார், எவ்வளவு நேரம் நினைவில்லாமல் கிடந்தார் என்று சொல்லுங்கள். தலையில் அடிபட்டவருக்கு ஆஸ்பத்திரியில் கட்டாயம் கேட்கும் கேள்விகள் இவை.