ஏழு வருடம், ஐந்து சோடி முன் ரயர்

எங்கள் பாடசாலையில் என்னோடு படிப்பிக்கிற தங்கச்சி ஒருத்தி போன கிழமை கேட்டாள்: "அக்கா, உங்கட கார் மாதிரி ஒண்டு நானும் எடுக்கட்டா? ரயர் மட்டும் கெதியில தேயும் எண்டு எல்லாரும் சொல்றாங்க. உண்மையா?" 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திறந்ததிலிருந்து விலை இறங்கும் இறங்கும் என்று காத்துக்கொண்டிருந்தவள். வாசலில் நின்று பதில் சொல்லி முடிக்க ஏலாத கேள்வி அது. அவளுக்கும், இதே யோசனையில் இருக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

என்னுடையது 800 சிசி சின்னக் கார், 12 அங்குல ரிம், 145/80 ரயர் (அகலம் 145 மில்லிமீற்றர், பக்கச்சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 80). 2018இல் 31,000 கிலோமீற்றர் ஓடிய வண்டியாக வாங்கினேன். இப்போது மீற்றரில் 1,13,500. பாடசாலைக்கு, மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி, அங்கிருந்து வாவிக்கு மேலான மண்முனைப் பாலம் ஏறிக் கொக்கட்டிச்சோலை, அதற்கப்பால் படுவான்கரைக்குள் (வாவிக்கு மேற்குப் பக்கம்) இன்னும் 13 கிலோமீற்றர். போக வர 56. கடைசி 6 கிலோமீற்றர் கிரவல்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஒரு நாளும் என்னை நடுத்தெருவில் விட்டதில்லை. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீடு வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான் தந்தார்கள். எனக்குப் பாடசாலைக்குப் போய்வரக் கிழமைக்கு 280 கிலோமீற்றர் வேண்டும். இந்தக் கார் லீற்றருக்கு 18 ஓடியது. இன்னும் இரண்டு ரீச்சர்மாரையும் ஏற்றிக்கொண்டு போய்வந்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் ராங்கியில் மிச்சமும் வைத்திருந்தேன். பெரிய கார் வைத்திருந்தவர்கள் அப்போது மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். அந்த மாதங்களில் இந்தக் கார் எனக்குச் செய்ததை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் ரயர்.

முதல் சோடி முன் ரயர் 24,000 ஓடியது. இரண்டாவது 20,000. மூன்றாவது 17,000. நாலாவது 15,500. பின் ரயர்கள் இரண்டையும் இந்த ஏழு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் மாற்றினேன், அதுவும் தேய்ந்து அல்ல, வயது போய்ப் பக்கச்சுவரில் வெடிப்பு விழுந்ததால். முன்னுக்கு மட்டும் இந்தப் பாடு. முன்சில்லால் இழுத்து ஓடுகிற கார் இது; இழுப்பதும் திரும்புவதும் பிரேக்கின் பெரும்பங்கும் முன் ரயரின் தலையில்தான். பின் ரயரை விட அது முந்தித் தேயும் என்பது எனக்கும் தெரியும். 15,500இல் முடியும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தேய்ந்த விதத்தையும் சொல்ல வேண்டும். காருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் ரயர் நல்ல வடிவாக இருக்கும். தவாளிப்பு ஆழமாகத் தெரியும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க வெட்டி, கைபேசி வெளிச்சத்தைச் சில்லின் உள்பக்கம் பிடித்தால்தான் விஷயம் தெரியும். உள்கரையில் இரண்டு விரல் அகலத்துக்குக் கோடே இல்லை, மொட்டை. மூன்றாவது சோடியில் இடப்பக்க ரயரில் கம்பியே வெளியே வந்து நின்றது. கையால் தடவியபோது சுண்டுவிரலில் குத்தியது. அதற்கு முதல் நாள்தான் மழைக்குள் மூன்று ரீச்சர்மாரோடு மண்முனைப் பாலத்தைக் கடந்து வந்திருந்தேன். அந்த இரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை.

நான் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்கிறவள். நாலாவது சோடி போட்ட அன்றே ஒரு கொப்பி வைத்தேன். ஆய்வுகூடத்தில் இருக்கிற வேணியர் இடுக்கிமானியின் பின்னால் ஒரு மெல்லிய கம்பி நீளும் அல்லவா, அதைத் தவாளிப்புக்குள் விட்டு ஆழம் எடுத்தேன். புது ரயர் எல்லா இடத்திலும் 7 மில்லிமீற்றர். 15,000 கிலோமீற்றரில் இடப்பக்க முன் ரயரின் வெளிக்கரை 5.2, நடு 4.6, உள்கரை 1.9. ரயரிலேயே வார்த்து வைத்திருக்கிற தேய்மான அடையாளம் 1.6 மில்லிமீற்றரில் இருக்கும். அது வந்தால் ரயர் முடிந்தது. வெளிக்கரையில் இன்னும் 3 மில்லிமீற்றருக்கு மேல் ரப்பர் கிடக்க, உள்கரைக்காக முழு ரயரையும் கழற்றி எறிய வேண்டி வந்தது. வலப்பக்கம் கொஞ்சம் பரவாயில்லை. இடப்பக்கம் ஏன் கூட என்றால், எதிரே பஸ் வரும்போது இடப்பக்கச் சில்லுத்தான் தாரை விட்டு ஓரத்துப் பள்ளத்துக்குள் இறங்கி ஏறுகிறது. ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

யார் குற்றம் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். ரயர் விற்றவர் தெருவைச் சொன்னார். தெருவால் வருகிறவர்கள் ரயரின் தரத்தைச் சொன்னார்கள். காத்தடிக்கிற தம்பி, கிரவலுக்கு நல்லது என்று ஒவ்வொரு முறையும் 40 பிஎஸ்ஐக்கு ஏற்றி விடுவான். கூடக் காத்தடித்தால் நடுத்தான் தேயும், என்னுடையதில் நடுத் தேயவில்லை. குறையக் காத்தென்றால் இரண்டு கரையும் சேர்ந்து தேய வேண்டும், அதுவும் இல்லை. ஒரு கரை மட்டும் என்றால் சில்லு நேராக நிற்கவில்லை என்பதுதான் கருத்து. அதற்குத்தானே அலைன்மென்ட் என்று, இரண்டரை வருடத்தில் மூன்று தடவை கொண்டுபோய் விட்டேன். மூன்று தடவையும் மெசின் திரையில் எல்லாம் பச்சை. மூன்று தடவையும் தாள் எடுத்துத் தந்தார்கள். அந்தத் தாள்கள் மூன்றும் கொப்பிக்குள் இருக்கின்றன. மூன்றாவது தாள் எடுத்து 4,000 கிலோமீற்றரில் உள்கரை மறுபடி குறைந்திருந்தது.

இதற்குள் 2022இல் வாங்கிய சோடியில் இன்னொரு கதை. ரயரின் பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் கிழமை, பின் இரண்டும் வருடம். எனக்குப் புதிது என்று தந்ததில் 1419 என்று இருந்தது. 2019ஆம் ஆண்டு 14ஆவது கிழமை செய்தது. மூன்று வருடம் கடைக்குள் கிடந்த ரயர், ரூபா விழுந்த அந்த நேரத்து விலைக்கு, முதல் சோடியைவிட இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து வாங்கினேன். பூட்டி, வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். வாங்குகிறவர்கள் பூட்ட முதல் பாருங்கள்.

நாலாவது சோடி முடிந்தபோதுதான் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு கராச்சைச் சொன்னார்கள். அலைன்மென்ட் மெசின் ஒன்றும் அங்கே இல்லை. வேலை செய்கிற ஐயாவுக்கு அறுபது வயதுக்கு மேல். கொப்பியைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் பார்த்தார். பிறகு தேய்ந்த ரயரைக் கையால் ஒரு பக்கமாகத் தடவினார், வழுக்கியது. திருப்பித் தடவினார், மரம் அரிகிற வாளின் பல்லைப் போலப் பிடித்தது. என்னையும் தடவிப் பார்க்கச் சொன்னார். "சில்லு கோணி ஓடியிருக்கு ரீச்சர். நிக்கக்குள்ள நேராத்தான் நிக்கும்" என்றார்.

ஜக் வைத்துத் தூக்கி, ஒரு சின்ன அலவாங்கை, சில்லைக் கீழால் பிடித்திருக்கிற லோவர் ஆமுக்கும் காரின் சட்டத்துக்கும் நடுவே விட்டு நெம்பினார். ஆம் முன்னும் பின்னும் அசைந்தது. ஆமைச் சட்டத்தோடு இணைக்கிற ரப்பர் புஷ் நடுவால் பிளந்து, உள்ளே இருக்கிற இரும்புக் குழாய் தனியாக நின்றது. என் கண்ணால் பார்த்தேன். "மெசின் பொய் சொல்லல்ல ரீச்சர். கார் நிக்கக்குள்ள அளந்தது. பிரேக் அடிக்கக்குள்ள சில்லு பின்னுக்கு இழுபட்டு வெளிய பாக்குது. அதை மெசின் எப்படிக் காணும்?"

அந்த ஒரு கேள்வியில் ஏழு வருடமும் விளங்கியது. கிரவலில் பலகை பலகையாக விழுந்திருக்கிற வரிகள் புஷ்ஷைத் தின்ன, புஷ் ரயரைத் தின்றிருக்கிறது. 24,000, 20,000, 17,000, 15,500 என்று எண்கள் இறங்கிக்கொண்டே வந்ததற்கும் அதுதான் காரணம்: ஒவ்வொரு வருடமும் புஷ் இன்னும் கொஞ்சம் இளகியது. இந்தக் காரில் முன்சில்லின் சரிவை (மேல்பக்கம் உள்ளே வெளியே சாய்வது) திருக வழி இல்லை, கோணலை (முன்பக்கம் உள்ளே வெளியே பார்ப்பது) மட்டும்தான் திருகலாம். இளகிப்போன புஷ்ஷின் மேல் நின்று எவ்வளவு திருகினாலும் பலன் இல்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். இந்த ரயரின் விட்டம் ஏறக்குறைய 537 மில்லிமீற்றர். இரண்டு முன்சில்லுக்கும் நடுவே உள்ள தூரம் பின்கரையைவிட முன்கரையில் வெறும் 3 மில்லிமீற்றர் கூடி நின்றால், ஒவ்வொரு சில்லும் கிலோமீற்றருக்கு 2.8 மீற்றர் பக்கவாட்டில் இழுபடும். என் 56 கிலோமீற்றருக்கு 156 மீற்றர். தினமும் ஒரு ரயரைத் தார்த் தெருவில் கிடத்தி, ஒன்றரை மைதான நீளத்துக்கு இழுத்துக்கொண்டு போனால் மிஞ்சுமா?

காருக்கு நியாயம் சொல்லவும் அதே கணக்கு உதவியது. சின்ன ரயர் கிலோமீற்றருக்கு 593 தரம் சுற்றுகிறது. 185/65 போட்ட 15 அங்குலச் சில்லு 512 தரம்தான். அதாவது அதே தூரத்துக்கு என் ரயரின் ஒவ்வொரு துண்டும் நூற்றுக்குப் பதினாறு தரம் கூடத் தெருவைத் தொடுகிறது. கச்சான் காத்து வீசுகிற ஆனி ஆடியில் பகலில் பாடசாலை விட்டுத் தாரில் ஏறும்போது செருப்புக்குள்ளேயே சூடு தெரியும். அந்தச் சூட்டில் ரப்பர் இன்னும் கெதியில் உரஞ்சும். ஆகவே பெரிய காரின் ரயர் ஓடுகிற தூரத்தை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. அது காரின் குற்றம் அல்ல.

என் கோபம் வேறு. மூன்று தடவை காரை மெசினில் ஏற்றியவர்கள் ஒரு தடவையாவது அலவாங்கால் நெம்பிப் பார்த்திருக்கலாம். அலைன்மென்ட் செய்ய முதல் புஷ், பந்து மூட்டு, ஸ்டியரிங்கைச் சில்லோடு சேர்க்கிற ரைரொட் எண்ட் மூன்றையும் பார்ப்பது அந்த வேலையின் முதல் படி என்று ஐயா சொன்னார். ஐந்து நிமிட வேலை. இரண்டு பக்கப் புஷ்ஷும் மாற்றிய செலவு ஒரு ரயரின் விலைக்கும் குறைவு. அதைச் செய்யாததால் எத்தனை ரயர் போனது என்று கொப்பியைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு எரிகிறது. படுவான்கரைக்குத் தினமும் போய்வருகிற எத்தனையோ ஆசிரியர்கள், தாதிமார், கிராம சேவையாளர்கள் இதே காரை வைத்திருக்கிறார்கள். அவர்களும் தெருவைப் பேசிக்கொண்டு ரயருக்குக் காசு கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

புஷ் மாற்றி, புதுச் சோடி போட்டு, பிறகு அலைன்மென்ட் செய்து 6,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது. போன சனிக்கிழமை காலை, கார் எடுக்க முதல் அளந்தேன். வெளிக்கரை 6.1, நடு 6.1, உள்கரை 6.0. இந்த வேகத்தில் போனால் உள்கரைக் கணக்கிலும் 32,000க்கு மேல் வரும். உள்கரையில் 6.0 என்று எழுதியபோது எனக்குக் கண் கலங்கியது என்றால் நம்புவீர்களோ தெரியாது.

அப்படியென்றால் எடுக்கலாமா? தங்கச்சிக்கு நான் சொன்ன பதில்: எடுக்காதே. எங்கள் பாடசாலைத் தெரு தாராகும் வரைக்கும் வேண்டாம். புது புஷ்ஷும் இந்தக் கிரவலில் இரண்டு வருடத்துக்குள் இளகிவிடும் என்று ஐயாவே சொல்லிவிட்டார். அவளுக்குச் சின்னப் பிள்ளை இருக்கிறது, சனிக்கிழமைகளில் இடுக்கிமானியோடு சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருக்க அவளுக்கு நேரம் வராது. அந்த நேரம் இல்லாதவர் கையில் இந்தக் கார் மறுபடி கம்பியில்தான் போய் நிற்கும்.

"அப்ப நீங்க விக்கப் போறீங்களாக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கியூஆர் காலத்தில் என்னைக் கைவிடாத காரை நான் விற்க மாட்டேன்.

நான் சொன்னதைக் கேட்டும் அவள் மனம் மாறவில்லை என்று முகத்தில் தெரிந்தது. சரி, பார்க்கப் போகிற அன்று என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். விற்கிறவர் எஞ்சினைத் திறந்து காட்டட்டும். நான் ஸ்டியரிங்கை முழுக்க வெட்டச் சொல்லி, முதலில் இடப்பக்க உள்கரையைப் பார்ப்பேன்.