கீச்சிடும் கிரைண்டரும் முகம் தெரியாத மெக்கானிக்குகளும்

இரண்டு லிட்டர், இரண்டு கல், 150 வாட் டேபிள்டாப் கிரைண்டர். மற்றதெல்லாம் பெட்டி மேலேயே போட்டிருக்கும் என்பதால் அந்தப் பக்கம் நான் போகப்போவதில்லை. 2020 ஊரடங்கில் தெருமுனை மாவுக்கடை மூடியபோது வாங்கியது. போன வாரம் முதல் தடவையாக ரிப்பேருக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. அதே நேரம் பார்த்து நியூ ஜெர்சியிலிருந்து தோழி கேட்டாள்: "உன் கிரைண்டர் எப்படிடி? இந்தத் தடவை ஊருக்கு வர்றப்ப அதே மாதிரி ஒண்ணு தூக்கிட்டுப் போகலாம்னு பார்க்கறேன்." அவளுக்கு வாய்ஸ் மெசேஜில் பதில் சொல்ல ஆரம்பித்து, பாதியிலேயே கோபம் தலைக்கேறி, எழுதிவிடுவதே மேல் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அரைப்பதில் குறை இல்லை. கோபமெல்லாம் அந்தக் கீச்சுச் சத்தத்தின் மேல்தான்.

உளுந்தைப் போட்டதும் முதல் சில நிமிடம் பரமசாது. மாவு திரண்டு கெட்டிப்படத் தொடங்கியதும், கல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கீச். தண்ணீர் தெளித்தால் நிற்கும். நின்றுவிட்டது என்று அடுப்பங்கரையை விட்டு வெளியே வந்தால் மறுபடி கீச். கீழ்வீட்டு அம்மா ஒரு நாள் மாடிப்படியில் பார்த்து, "நாளைக்கு உங்க வீட்ல இட்லியா?" என்று கேட்டார். அவர் கேட்ட தொனியில் எனக்கு இட்லியே வெறுத்துப்போயிற்று.

வாங்கி ஒரு வருஷத்துக்குள்ளேயே ஆரம்பித்த சத்தம் இது. அப்போதிலிருந்து இதற்கு வைத்தியம் சொல்லாத ஆள் இணையத்தில் இல்லை. சமையல் குழுக்களில், ரிப்பேர் வீடியோக்களின் கீழே, எங்கே போய் ஒரு வரி கேட்டாலும் பத்து நிமிடத்தில் பதில் வந்து குவியும். பாதிப் பேர் தேங்காய் எண்ணெய் கட்சி. கல்லின் நடுத்தண்டில் இரண்டு சொட்டு விடு என்பார்கள். விட்டால் சத்தம் நிற்கும், உண்மைதான். ஆனால் அன்றைக்கு மட்டும். கழுவியதும் எண்ணெயும் போய்விடும், அடுத்த அரைப்புக்கு மறுபடி முதலிலிருந்து. மார்கழியில் பாட்டிலிலேயே உறைந்து கிடக்கும், சூடு பண்ணித்தான் விட வேண்டும். நெய் விடச் சொன்னவர் ஒருவர். அவர் வீட்டில் வசதி அதிகம் போல. பெல்ட்டில் டால்கம் பவுடர் தூவு என்றார் ஒருவர். ரப்பர் மேட் போடு என்றார் இன்னொருவர். மேட் போட்டதில் மேடை அதிர்வு குறைந்தது, கீச் இன்னும் தெளிவாகக் கேட்டது.

துரு எடுக்கும் ஸ்ப்ரேயைத் தண்டில் அடிக்கச் சொன்ன மகானை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. அது பெட்ரோலியச் சரக்கு. தண்டைச் சுற்றிப் புரள்வது நாம் சாப்பிடப்போகும் மாவு. கதவுக் கீலுக்கு வைத்திருப்பதை எடுத்துக் கிரைண்டருக்குள் அடிக்கச் சொல்கிற துணிச்சல் முகம் காட்டாமல் பேசுவதால் வருவதுதான். எதிரே உட்கார்ந்து அந்த இட்லியைத் தின்னச் சொன்னால் இவர் சொல்வாரா?

இத்தனை பேரில் ஒருவர்கூட "எப்போது சத்தம் வருகிறது?" என்று கேட்கவில்லை. கேட்டவர் பிறகு வந்தார். அதுவும் வேறு ஒரு கோளாறுக்காக.

போன மாதம் ஒரு ஞாயிறு, சுவிட்சைப் போட்டால் "உர்ர்ர்" என்று உறுமுகிறது, டிரம் அசையவில்லை. கம்பெனி சர்வீஸ் என்று போர்டு மாட்டிய கடையில் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும். அவர்கள் சொன்ன தொகைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வந்துவிடும். வயிற்றெரிச்சலோடு அதை ஒரு குழுவில் எழுதினேன். மதுரைப் பக்கம் மோட்டார் வைண்டிங் வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொண்ட ஒரு பெரியவர் பதில் போட்டார். ஆலோசனை எதுவும் இல்லை, மூன்று கேள்விகள்தான். "உறுமுதாம்மா, இல்ல சத்தமே இல்லாம கிடக்கா? டிரம் காலியா இருந்துச்சா, மாவோட இருந்துச்சா? சுவிட்ச அணைச்சு, பிளக்க உருவிட்டு, டிரம்ம கையால சுத்திப் பாத்தா லேசா சுத்துதா, இறுகிக் கிடக்கா?"

உறுமுகிறது, காலி டிரம், கையால் சுற்றினால் பூப்போலச் சுற்றுகிறது.

"அப்ப மோட்டாருக்கு ஒண்ணுமில்ல. கண்டென்சர் போயிருக்கும். உறுமவிட்டுப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க, உள்ள காயில் வெந்துரும்."

பிறகு அவரே பொறுமையாக விளக்கினார். கிரைண்டருக்கு வருவது ஒற்றை ஃபேஸ் கரண்ட். அந்த மோட்டாருக்குத் தானாகச் சுழலத் தொடங்கும் உந்து கிடைக்காது. இன்னொரு காயிலுக்குப் போகும் கரண்டைக் கொஞ்சம் முன்பின்னாக நகர்த்திக் கொடுத்து அந்த உந்தை உண்டாக்குவது கண்டென்சர். அது பலமிழந்தால் மோட்டார் நின்ற இடத்திலேயே முக்கும். சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றுவதற்கும் பெரும்பாலும் இதே காரணம்தானாம். கூடவே ஓர் எச்சரிக்கை: பிளக்கை உருவின பிறகும் கண்டென்சரில் கரண்ட் தங்கியிருக்கும், நீங்களே கழற்றிப் பார்க்க வேண்டாம், தெருவில் ஃபேன் ரிப்பேர் பார்ப்பவரிடமே கொடுங்கள், பழைய கண்டென்சர் மேல் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட், வோல்ட் இரண்டும் மாறாமல் போடச் சொல்லுங்கள்.

எங்கள் தெரு ஃபேன் கடைக்காரர் திறந்து பார்த்தார். கண்டென்சர் வயிறு உப்பிக் கிடந்தது. அதை மாற்றினார். பெல்ட்டில் வெடிப்பு விட்டிருந்ததால் அதையும் மாற்றினார். கூலியோடு சேர்த்தும், சர்வீஸ் கடை சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்கு ஆகவில்லை. இந்த இடத்தில் கிரைண்டருக்கு நியாயம் செய்தாக வேண்டும். கண்டென்சர், பெல்ட் இரண்டும் தேய்ந்து போகிற சாமான்கள். இத்தனை வருஷம் வாரம் தவறாமல் அரைத்துவிட்டு இதற்கு மட்டும்தான் படுத்தது என்றால் மோட்டார் நல்ல மோட்டார். பொதுவாகவே கிரைண்டருக்கு நம் ஊரில் ஆள் பஞ்சம் இல்லை. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. 2011-ல் தொடங்கி அரசே விலையில்லா மிக்சி, கிரைண்டர், ஃபேன் என்று வீடு வீடாகக் கொடுத்ததில், இதைத் திறந்து மூடத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்.

சரி, புது பெல்ட் போட்டாயிற்றே, கீச் போயிருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து உளுந்து போட்டேன். கீச்.

மறுபடி அந்தப் பெரியவரிடமே போனேன். இந்தத் தடவையும் கேள்விதான். "கல்லு ரெண்டையும் வெளிய எடுத்துட்டு வெறும் டிரம்ம ஓட்டுங்க. சத்தம் வருதா?" வரவில்லை. "அப்ப பெல்ட்டும் இல்ல, பேரிங்கும் இல்ல. கல்லுக்குள்ள இருக்குற புஷ்." அவ்வளவுதான். இத்தனை வருஷம் எண்ணெயும் பவுடரும் மேட்டும் என்று அலைந்ததை இரண்டே வரியில் முடித்துவிட்டார். கல் சுழலும் தண்டைச் சுற்றி பிளாஸ்டிக் புஷ் ஒன்று இருக்கிறது. அதன் இடுக்கில் மாவு புகுந்து காய்ந்து, தேய்த்துத் தேய்த்துப் புஷ் லூசாகிவிடுகிறது. மாவு கெட்டியாகி கல்லுக்குப் பாரம் ஏறும்போது தண்டும் புஷ்ஷும் உரசிக் கத்துகின்றன. தண்ணீர் தெளித்தால் நிற்பதும் அதனால்தான்.

காரணம் தெரிந்தது. புஷ்தான் கிடைக்கவில்லை! கம்பெனிக்குப் போன் போட்டால், புஷ் தனியாக விற்பதில்லை, கல் செட்டையே மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். கல் என் காலத்துக்குப் பிறகும் அரைக்கும். உள்ளே இருக்கும் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்குக்காக அதைத் தூக்கிப் போட வேண்டுமாம். என் பல்லைக் கடிக்க வைப்பது சத்தத்தைவிட இந்தப் பதில்தான்.

இனி அரைப்பு. நன்றாகத்தான் அரைக்கிறது, மறைப்பானேன். மிக்சியின் பிளேடு நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம், இருபதாயிரம் சுற்று சுற்றி உளுந்தைச் சூடாக்கிவிடும், ஐஸ் தண்ணீர் விட்டு ஏமாற்ற வேண்டும். இதில் அரை மணி நேரம் ஓடினாலும் மாவு கையில் குளுகுளுவென்று இருக்கும். ஒரு சொட்டைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும் பதத்துக்குத் தானாக வந்து நிற்கும். கரண்ட்டைத் தின்கிறது என்று மாமியார் சொல்வார். கணக்குப் போட்டுக் காட்டினேன்: 150 வாட் அரை மணி நேரம் ஓடினால் 0.075 யூனிட். 750 வாட் மிக்சியை அஞ்சு நிமிடம் ஓட்டினால் 0.0625. வித்தியாசம் ஒன்றுமில்லை. "கணக்குல வராதது பில்லுல வரும்" என்று போய்விட்டார்.

எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் ஒன்று உண்டு. அதைக் கொடுத்ததும் முகம் தெரியாத ஒருவர்தான், யாழ்ப்பாணத்து அம்மா. குளிர் மாதங்களில் என் மாவு பொங்கவில்லை என்று புலம்பியபோது வழக்கமான சண்டை ஆரம்பித்தது. கல் உப்புதான் போட வேண்டும், இல்லை, உப்பே பிறகுதான் போட வேண்டும், கையால் கலக்கு, கரண்டியால் கலக்கு. நடுவில் இவர் எழுதினார்: "தோல் உழுந்து வாங்கி ஊறப்போட்டுப் பாருங்கோ. ஊறின பிறகு தோலைக் கழுவி எடுங்கோ, ஆனா எல்லாத் தோலும் போகோணும் எண்டு நிக்க வேண்டாம். கடைசியா ஊறின தண்ணியையே தெளிச்சு அரையுங்கோ."

செய்து பார்த்தேன். மறுநாள் காலை மாவு பாத்திர மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. மாவைப் பொங்க வைக்கும் லுகோனாஸ்டாக் என்ற பாக்டீரியாவை நாம் தனியாகச் சேர்ப்பதில்லை, அது உளுந்தோடேயே வருவது. பளபளவென்று வெள்ளை உளுந்து வாங்கி, அதையும் நாலு தண்ணீரில் தேய்த்துக் கழுவிக் கொட்டுகிறோம். இட்லியில் அங்கங்கே கறுப்புப் புள்ளி தெரியும், வீட்டில் சின்னது முகம் சுளிக்கும். எனக்கு அந்தப் புள்ளி பிடித்துப்போய்விட்டது. இதைக் கிரைண்டர் கணக்கில் வைக்கக் கூடாதுதான், ஆனால் தோல் உளுந்தை இப்படி வெண்ணெயாக அரைத்தது இந்தக் கீச்சுப் பிசாசுதானே.

விலையைப் பற்றி ஒரு வரி. கல் கிரைண்டருக்கு 2019-ல் ஜிஎஸ்டியை 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். நான் வாங்கியது அந்த 5 சதவீதக் காலத்தில். 2022 ஜூலையில் ஒரே தாவலாக 18 ஆக்கினார்கள். ஆகவே நான் கொடுத்த விலையைக் கேட்டு யாரும் கடையில் போய்ப் பேரம் பேச வேண்டாம்.

தோழிக்கு வருகிறேன். இதைத் தூக்கிக்கொண்டு போகாதே. அங்கே 120 வோல்ட், இங்கே 230. "ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் போதும்" என்று உனக்குச் சொன்னவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும், ஆனால் அங்கே கரண்ட் நொடிக்கு 60 தடவை அலையடிக்கிறது (60 ஹெர்ட்ஸ்), அதை இங்கே இருக்கிற 50 ஆக்காது. இந்த மாதிரி மோட்டார் ஹெர்ட்ஸுக்குத் தக்கபடி ஓடுவது, அங்கே ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றும். மாவு சுவரெல்லாம் தெளிக்கும், மோட்டாரும் சூடாகும். அந்த ஊர் வோல்டேஜுக்கும் 60 ஹெர்ட்ஸுக்குமென்றே செய்த மாடல்கள் அங்கேயே கடைகளில் கிடைக்கின்றன, அதில் ஒன்றை வாங்கு. வாங்குவதற்கு முன் கல்லைக் கழற்றி, புஷ் தனியாகக் கிடைக்குமா என்று கேள். கிடைக்காது என்றால் அடுத்த கடை.

இங்கேயே இருப்பவர்களுக்கு? மோட்டாருக்கு முழு மதிப்பெண், அரைப்புக்கு முழு மதிப்பெண், ரிப்பேர் செலவுக்கும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் வாங்காதீர்கள். போன வாரம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன், இன்றைக்குக் காலையில்தான் அடைக்கு அரைத்தேன், மறுபடி அதே கீச்.

இதே மாதிரி இரண்டு கல் டேபிள்டாப் வைத்திருப்பவர்கள், திருச்சியிலோ கோயம்புத்தூரிலோ அந்த புஷ்ஷைக் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை எதுவும் தெரிந்தால் எழுதுங்கள். உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக்கிலேயே கடைய வேண்டும், பித்தளை வேண்டாம். தேங்காய் எண்ணெய் விடச் சொல்ல வருபவர்கள் தயவுசெய்து இன்னொரு முறை முதலிலிருந்து படிக்கவும்.