நந்தன் உத்தரவு கேட்டு நிற்கும் காட்சி: சுங்கை சிப்புட் பாடலாசிரியர் ஒருவரின் நாட்டிய நாடகப் பணி

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், நாட்டியப் பள்ளிகளுக்கும் கோயில் விழாக்களுக்கும் பாட்டெழுதி மெட்டமைத்துத் தரும் பாடலாசிரியர் ஒருவரிடம், எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்காக நந்தனார் கதையை நாட்டிய நாடகமாக ஆக்கித் தரும் பணியை ஒப்படைத்திருந்தோம். கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டில் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளையே அவர் அடிப்படையாகக் கொண்டார்.

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் வேதியர் என்ற பண்ணையார் இல்லை. அவரைப் படைத்துச் சேர்த்தவர் பாரதியார். சிதம்பரம் போக உத்தரவு கேட்டுப் பண்ணையாளான நந்தன் அவர்முன் நிற்பதும், நாற்பது வேலி நிலத்து அறுவடையை முடித்துவிட்டுப் போ என்று வேதியர் சொல்வதும் நாடகத்தின் உயிர்நிலை. ரப்பர் தோட்டத்தில் கிராணியின் (எழுத்தரின்) முன்னால் விடுப்புக்காக நின்று பழகிய தலைமுறை இன்னும் நம் ஊரில் இருப்பதால், வேதியரைத் தோட்டத்துத் துரையாக மாற்றிவிடும் ஆசை எவருக்கும் எழும். இவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கதையை நந்தனின் ஊரான ஆதனூரிலேயே விட்டுவிட்டு, பழைய நாடகங்களில் கதையை அறிவித்து நடத்தும் கட்டியங்காரன் வரும் இடத்தில் பால்மரம் வெட்டும் பெண்கள் இருவரை நிறுத்தி, பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு)ப் போகும் விடியலில் அவர்கள் கும்மி மெட்டில் கதை சொல்வதாகப் புதிய இணைப்புப் பாடல்களை எழுதினார். ஒப்புமையைப் பார்ப்பவர்களே உணர்ந்துகொண்டார்கள் என்பதுதான் இந்தத் தழுவலின் பெருமை.

நாட்டியத்துக்கு எழுதுவது கச்சேரிக்கு எழுதுவதைப் போன்றதன்று. கச்சேரியில் பாடகர் சங்கதிகளை, அதாவது இசை மாறுபாடுகளை, அடுக்கி ஒரு வரியை வளர்ப்பார். மேடையில் அதே வரி எளிமையாகத் திரும்பத் திரும்ப ஒலித்தால்தான் ஆடுபவருக்குச் சஞ்சாரி செய்ய, அதாவது ஒரே வரியைப் பலவிதமாக அபிநயித்து விரிக்க, இடம் கிடைக்கும். உத்தரவு கேட்கும் காட்சிக்கு அவர் எழுதிய பல்லவி நான்கே சொற்கள் கொண்டது. நெடிலில் முடிவதால், கெஞ்சல், நம்பிக்கை, சோர்வு என ஒவ்வொரு முறையும் வேறொரு பாவத்தை எங்கள் மாணவியால் அதில் ஏற்ற முடிந்தது. ஒத்திகையில் வந்து அமர்ந்து, சிறுமிகளின் கால் தடுமாறிய இடங்களில் சொல்லை மாற்றினாரே தவிர, அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. மாஞ்சி ராகத்து 'வருகலாமோ' பாடலில் ஜதி (தாளச் சொற்கட்டு) எதையும் நுழைக்காமல் அப்படியே விட்டார். அந்த அடக்கத்தை மனமாரப் பாராட்டுகிறேன்.

அறுவடைக் காட்சியைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலவில்லை. அடர்த்தியான எதுகை மோனையோடு விரைந்து ஓடும் அந்தப் பாட்டு, தாளில் படிக்கச் சுவையாக இருந்தாலும், மண்டபத்து ஒலிபெருக்கியில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. நாதஸ்வரத்துக்குப் பதிலாகக் கீபோர்டு ஒலியைப் பயன்படுத்தியதும் சிதம்பரக் காட்சியின் கம்பீரத்தைக் குறைத்தது.

பாட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் பேசிக்கொள்கிறார். சுரக்குறிப்பும், தாளத்தோடு கூடிய பயிற்சி ஒலிப்பதிவும் அதில் அடங்கும். முழு இசைக்குழுவை அமர்த்த இயலாத பள்ளிகள், மிருதங்கத்தை மட்டுமாவது மேடையில் நேரடியாக வைத்துக்கொள்வது நல்லது. முன்கூட்டியே சொன்னால், மிருதங்கம் நீக்கிய பதிவையும் அவர் தனியாகத் தருகிறார்.