வவுனியாவில் கிணற்றுநீர்ப் பரிசோதனை: எண் ஒரு தாளில், விளக்கம் வாசற்படியில்

ஓமந்தைப் பக்கத்தில் எங்கள் வளவிலுள்ள குழாய்க்கிணற்று நீரைக் கடந்த ஆவணியில் வவுனியாவிலுள்ள ஓர் ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கக் கொடுத்தேன். கேத்தலின் அடியில் பிடிக்கும் வெள்ளைப் படையைப் பார்த்து மனைவிதான் பிடிவாதமாக நின்றார். எனக்கோ அயல்வீட்டுப் பிள்ளைகளின் முன்பற்களில் தெரிந்த பழுப்புக் கறையே மனதை உறுத்தியது. படை கல்சியத்தாலும் மக்னீசியத்தாலும் வருவது, கறை புளோரைட்டால் வருவது, இரண்டும் வேறு சங்கதிகள் என்பதை அங்கு போன பிறகே அறிந்தேன்.

மாதிரி வாங்குவதில் அவர்கள் காட்டும் ஒழுங்கு பாராட்டத்தக்கது. கண்ணாடிப் போத்தலோடு போன என்னைத் திருப்பி அனுப்பினார்கள். புளோரைட்டு கண்ணாடியோடு தாக்கமடையக்கூடியது என்பதால் பிளாஸ்டிக் போத்தல்தான் வேண்டுமாம். அதையும், நீரைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, அதே நீரால் மூன்று முறை அலசிய பின்பே நிரப்ப வேண்டுமாம்.

ஒரு கிழமை என்றார்கள். பதினேழு நாள் ஆயிற்று. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அறிக்கை. புளோரைட்டு லீற்றருக்கு 1.9 மில்லிகிராம் என்று இருந்ததே தவிர, உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு 1.5 என்ற ஒற்றை வரிகூடப் பக்கத்தில் இல்லை. இது கூடவா குறைவா என்று கேட்டதற்கு, விளக்கம் சொல்வது தங்கள் வேலையில்லை என்றார் கவுண்டரில் இருந்தவர்.

வாசற்படி வரை வந்துவிட்ட என்னை உள்ளேயிருந்து வந்த இளம் இரசாயனவியலாளர் ஒருவர் மறித்தார். "ஐயா, கொதிக்க வைச்சுக் குடிச்சாச் சரி எண்டு நினைச்சிடாதேங்கோ. தண்ணிதான் ஆவியாப் போகும், புளோரைட்டு கேத்தலுக்குள்ளையே நிக்கும்" என்றார். நாங்கள் ஆண்டுக்கணக்காகச் செய்துவந்தது அதைத்தான். வவுனியாவின் அடியில் கிடக்கும் பழைய படிகப் பாறைகளின் வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கும் நீர், மைக்கா, அப்பற்றைற்று போன்ற கனிமங்களிலிருந்து புளோரைட்டைக் கரைத்தெடுப்பதால், திறந்த கிணற்றைவிட ஆழக் குழாய்க்கிணற்றில் அது பெரும்பாலும் கூடுதலாக இருக்கும் என்றும், குளிக்கவும் மரத்துக்கு விடவும் தடையில்லை, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் எதிர்ச் சவ்வூடு பரவல் (RO) முறையில், அதாவது அழுத்தம் கொடுத்து நுண்ணிய சவ்வின் வழியே வடித்த நீரை எடுங்கள் என்றும் விளக்கினார். வடிகட்டி விற்கும் கடையொன்றில் மண்வடியே போதும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். மண்வடி சேற்றை மறிக்குமே தவிர, கரைந்த புளோரைட்டை மறிக்காது.

இந்தப் பக்கத்தில் காணப்படும் சிறுநீரக நோயும் இதனால்தானா என்று கேட்டேன். கடின நீர், விவசாய இரசாயனங்கள், வெயிலில் உடல் வற்றுவது எனப் பலவற்றை ஆராய்கிறார்கள், ஆனால் காரணம் இன்னும் முடிவாகவில்லை என்றார். என் அறிக்கையின் எண்ணை அந்த நோயோடு முடிச்சுப்போட அவர் மறுத்துவிட்டார். எனக்கு அந்த மறுப்பே அறிக்கையைவிடப் பெறுமதியாகப் பட்டது.

அளப்பவர், பாறையைப் படித்து நீரின் வரலாற்றைச் சொல்பவர், வீட்டுக்காரனுக்கு வழி சொல்பவர், தெரிந்ததற்கும் தெரியாததற்கும் எல்லை போடுபவர் என விஞ்ஞானிக்குப் பல வேலைகள் உண்டு. இந்த ஆய்வுகூடம் முதல் வேலைக்கு மட்டும் காசு வாங்குகிறது. மற்றவை ஒருவருடைய நல்ல மனத்தால் இலவசமாகக் கிடைத்தன. அறிக்கையின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது, பத்து வரி அச்சடிக்க அங்கே தாராளமாக இடமுண்டு.

மாரி ஓய்ந்து தை பிறந்ததும் அதே கிணற்றிலிருந்து இன்னொரு போத்தல் கொண்டுபோவேன், பிளாஸ்டிக் போத்தல். கவுண்டரில் மினக்கெடாமல் அந்தப் பிள்ளை இருக்கிறாரா என்றுதான் முதலில் கேட்பேன்.