பிங்கர்ட்டன்: பதினெட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்

அமெரிக்க ராக் இசைக்குழுவான வீஸரின் இந்த இரண்டாவது ஆல்பம் ஹாஸ்டல் நண்பனின் பென் டிரைவில் என்னிடம் வந்தது. முதல் பாட்டே சின்தசைசர் உறுமலும் டிரம்ஸ் அடியுமாக ஆரம்பித்ததால், ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிட்டேன். வேறு பிரதி வாங்கிக் கேட்டால் அதே இரைச்சல். பதிவே அப்படித்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

1994இல் வந்த முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர் தி கார்ஸ் என்ற ராக் குழுவின் ரிக் ஒகாசெக். பிசிறே இருக்காது, விற்பனையும் அமோகம். 1996 செப்டம்பரில் வந்த பிங்கர்ட்டனுக்கு வெளித் தயாரிப்பாளர் கிடையாது, குழுவே பார்த்துக்கொண்டது. பாடகர் ரிவர்ஸ் குவோமோ நடுவில் ஹார்வர்டுக்குப் படிக்கப் போயிருந்தார். நீளம் குறைவான ஒரு காலை நீட்ட அறுவை சிகிச்சை, காலைச் சுற்றி இரும்புச் சட்டம், பேச்சுத்துணை இல்லாத குளிர்காலம். அந்தப் புழுக்கமெல்லாம் 10 பாட்டாக, 35 நிமிடத்துக்குள் வெடிக்கிறது. பில்போர்டின் அமெரிக்க ஆல்பம் தரவரிசையில் 19ஆம் இடத்தைத் தாண்டவில்லை. ரோலிங் ஸ்டோன் வாசகர்கள் அந்த வருடத்தின் மட்டமான ஆல்பங்களில் ஒன்றாக ஓட்டுப்போட்டார்கள். அதே பத்திரிகை 2004இல் ஐந்து நட்சத்திரம் கொடுத்தது தனிக் கூத்து.

இத்தனை வருடத்தில் எது தாக்குப்பிடித்தது? 'எல் ஸ்கார்ச்சோ' இன்னும் அலுக்கவில்லை. தாளம் தடுமாறுவதுபோல் போகும், பின்னால் ஆளாளுக்குக் கத்துவார்கள். 'பிங்க் ட்ரையாங்கிள்' வந்தால் இப்போது தள்ளிவிடுகிறேன்.

சிக்கல் 'அக்ராஸ் த ஸீ'யில்தான். ஜப்பானிலிருந்து ஒரு ரசிகை எழுதிய கடிதத்தை வைத்துக் கட்டிய பாட்டு. பாடுகிறவன் அந்தக் கடித உறையை மோந்து பார்க்கிறான், முகம் தெரியாத பெண்ணைத் தன் தனிமைக்கு மருந்தாக்கிக்கொள்கிறான். இருபது வயதில் "நம்மாளுடா" என்று சேர்ந்து கத்தியிருக்கிறேன். இப்போது கேட்டால் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் என்றுதான் மனசு போகிறது. கிட்டார் எழும்பும் இடத்தில் மட்டும் இன்றும் புல்லரிக்கும், பொய் சொல்லக் கூடாது.

இந்தக் கூச்சம் ஆல்பத்துக்கே இருக்கிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் பிடிபட்டது. பிங்கர்ட்டன் என்பது இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் 'மேடம் பட்டர்ஃபிளை' என்ற ஆபராவில், அதாவது இசை நாடகத்தில், ஜப்பானிய மனைவியைக் கைவிட்டுப் போகும் அமெரிக்கக் கடற்படை அதிகாரி. தன்னை யாரோடு சேர்த்துப் பார்க்கிறார் என்பதை குவோமோ அட்டையிலேயே எழுதிவிட்டார். அட்டைப் படமும் ஜப்பானியப் படம்தான், ஓவியர் ஹிரோஷிகேயின் பனி இரவு.

புதிதாகக் கேட்பவர்கள் இயர்ஃபோனில் கேளுங்கள். வீட்டு ஸ்பீக்கர் வேண்டாம், முதல் பாட்டின் வரிகளுக்கு விளக்கம் சொல்லி மாளாது.

கடைசிப் பாட்டில் இரைச்சல் அடங்கி ஒரு அகூஸ்டிக் கிட்டார்தான் மிச்சம். அம்மாவின் கண்ணாடி ஜாடியை எடுத்துப்போய் ஒரு பட்டாம்பூச்சியைப் பிடிக்கிறான், மறுநாள் பார்த்தால் அது வாடிக் கிடக்கிறது. 2010இல் வந்த டீலக்ஸ் பதிப்பில் அதற்கப்புறமும் பாட்டுகள் வரிசையாக ஓடும். நான் அங்கேயே நிறுத்திவிடுவேன்.