"எல்லாம் சிக்லிட்தான் சார், சேர்ந்துக்கும்" என்றால் நம்பி வாங்காதீர்கள்

மூன்று ஏஞ்சல் மீன்களில் இரண்டைப் பறிகொடுத்துவிட்டு இதை எழுதுகிறேன். என்னுடையது நான்கடித் தொட்டி. அதில் 3 ஏஞ்சல், 10 நியான் டெட்ரா என்ற சின்ன மீன்கள். ஒரு வருடமாகப் பெரிய தொந்தரவு இல்லை. இன்னும் கொஞ்சம் நிறம் இருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசையில், அவற்றை வாங்கிய அதே கடைக்குப் போனேன்.

ஒரு தொட்டியில் 'கலர் சிக்லிட்' என்று மட்டும் எழுதி ஒட்டியிருந்தது (சிக்லிட் என்பது பல வகை மீன்கள் அடங்கிய ஒரு குடும்பம்). உள்ளே விரல் நீளக் குட்டிகள். எலுமிச்சை மஞ்சள் உடம்பு, தலையிலிருந்து வால்வரை நீளவாக்கில் கறுப்புக் கோடு. என்ன மீன் என்று கேட்டேன். "எலக்ட்ரிக் யெல்லோ சார், ரொம்ப சாது" என்றார் கடைக்காரர். வீட்டில் ஏஞ்சல் இருக்கிறதே என்றேன். "ஏஞ்சலும் சிக்லிட்தானே சார், ஒரே குடும்பம். பாருங்க, இங்கயே அடிச்சுக்காமத்தானே இருக்கு?" ஐந்து வாங்கி வந்தேன்.

ஏஞ்சலும் சிக்லிட் என்று அவர் சொன்னது பொய்யில்லை. பூனையும் புலியும்கூட ஒரே குடும்பம்தான். ஏஞ்சல் அமேசான் பக்கத்து மீன். மெதுவாக ஓடும், லேசான அமிலத்தன்மை உள்ள மென்னீர் அதற்குப் பழக்கம். நான் வாங்கியது ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன். அங்கே தண்ணீர் கடினமானது, பிஎச் (அமில, கார அளவு) 7.8 முதல் 8.6 வரை போகும். பாறை இடுக்கில் வாழ்ந்து, பாறைமேல் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும் 'ம்புனா' கூட்டத்தைச் சேர்ந்தது. ஆண் மீன் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, கிட்டே வருவதையெல்லாம் விரட்டும். நீளத் துடுப்பைத் தொங்கவிட்டு நிதானமாக நீந்தும் ஏஞ்சல் அதனிடமிருந்து எங்கே தப்பிப்பது?

கடையில் அடித்துக்கொள்ளாததற்கும் காரணம் உண்டு. அவை பருவத்துக்கு வராத குட்டிகள். போதாததற்கு ஒரே தொட்டியில் ஐம்பது அறுபதை அடைத்து வைத்தால் எந்த மீனுக்கும் பிடித்துக்கொள்ள இடமிருக்காது, துரத்துவதற்கு ஒன்று என்று தனியாகவும் சிக்காது. அந்தக் காட்சியை வைத்து மீனின் குணத்தை முடிவு செய்தது என் முட்டாள்தனம்.

முதல் இரண்டு மாதம் அமைதியாகத்தான் போனது. அப்புறம் ஐந்தில் ஒன்று கறுக்க ஆரம்பித்தது. மஞ்சள் காப்பிப்பொடி நிறமாகி, பிறகு கறுப்பாகி, கோடுகள் மட்டும் வெளுத்தன. நோய் என்று நினைத்துக் கடைக்காரருக்குப் படம் அனுப்பினேன். தண்ணீர் சரியில்லை என்று ஒரு மருந்தைத் தலையில் கட்டினார். தண்ணீர் நீலமானதுதான் மிச்சம், மீன் கறுப்பாகவே இருந்தது.

அது நோயே இல்லை. அந்த மீன் மெலனோக்ரோமிஸ் ஆராட்டஸ். குட்டியும் பெண்ணும் மஞ்சளாக இருக்கும், ஆதிக்கம் பிடிக்கும் ஆண் கறுத்துவிடும். ம்புனாவிலேயே மூர்க்கமானவற்றில் ஒன்று. உண்மையான எலக்ட்ரிக் யெல்லோ லேபிடோக்ரோமிஸ் கேருலியஸ் என்ற வேறு மீன். அதற்கு முதுகுத் துடுப்பில் கறுப்பு ஓடுமே தவிர, உடம்பில் நீளக் கோடு கிடையாது. மீன் விற்பவருக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கறுப்பன் பாதித் தொட்டியைப் பிடித்துக்கொண்டான். ஏஞ்சல் மூன்றும் மேல் மூலையில், ஹீட்டரை ஒட்டி, அசையாமல் நின்றன. அடிவாங்கும் மீன் இப்படித்தான் ஒதுங்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. துடுப்பெல்லாம் கிழிந்த துணி மாதிரி ஆனது. திரும்பவும் கேட்டேன். துடுப்பு அழுகல் என்று இன்னொரு மருந்து. ஒரு ஏஞ்சல் செத்தது. அடுத்த வாரம் இன்னொன்று.

நேரில் போய்க் கேட்டதற்கு, உயிருள்ள மீனைத் திரும்ப எடுப்பதில்லை என்றார். "வேணும்னா ஒரு ஆஸ்கர் போடுங்க சார், எல்லாம் அடங்கிடும். தொட்டி அளவுக்குத்தான் வளரும்." ஆஸ்கர் 30 செ.மீ. வரை வளரும் மீன். தொட்டி சின்னது என்பதற்காக எந்த மீனும் அளவோடு நின்றுகொள்வதில்லை. நெருக்கடியிலும் கெட்ட தண்ணீரிலும் வளர்ச்சி குன்றிப்போவதைத்தான் இப்படிச் சொல்லி விற்கிறார்கள். முதல் நாள் சொல்லியிருந்தால் அதையும் வாங்கியிருப்பேன்.

இதற்கிடையில் நியானும் ஒவ்வொன்றாகக் குறைந்து வந்தது. அந்தப் பழி கறுப்பன்மேல் இல்லை. வளர்ந்த ஏஞ்சலுக்கு நியான் வாய்க்கு அடக்கமான இரை. ஏஞ்சலையும் நியானையும் சேர்த்து விற்றதும் இதே கடைதான்.

சிக்லிட் வாங்கப் போனால் அறிவியல் பெயரைக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் வந்துவிடுங்கள். அந்தப் பெயரில் வளர்ந்த ஆண் மீனின் படத்தைத் தேடிப் பாருங்கள், குட்டியின் படத்தை அல்ல. ஆராட்டஸ்தான் வேண்டும் என்றால் அதற்கென்று பெரிய தொட்டி, அடுக்கிய பாறைகள், ஒரு ஆணுக்குப் பல பெண், கூடவே வலுவான மலாவி மீன்கள் தேவை. அடித்தளத்துக்கு சினோடோன்டிஸ் கெளுத்தி தாக்குப்பிடிக்கும். ஏஞ்சலும் ம்புனாவும் தீனியிலும் ஒத்துப்போகாது. ஏஞ்சலுக்குப் போடும் ரத்தப்புழுவை ம்புனாவுக்குத் தினமும் போட முடியாது, அதற்குப் பாசி, ஸ்பைருலினா (ஒரு வகை நீலப்பச்சைப் பாசி) வகைதான் சரி.

ஐந்து ஆராட்டஸையும் மலாவி மீன் வளர்க்கும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். மிஞ்சிய ஏஞ்சலுக்குத் துடுப்பு மெல்ல வளர்கிறது. ஆனால் மூடியைத் திறந்தால் இன்னும் அந்த ஹீட்டர் மூலைக்குத்தான் ஓடுகிறது.

போன வாரம் கடைப்பக்கம் போனேன். அதே தொட்டி, அதே 'கலர் சிக்லிட்'. உள்ளே மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட புதுக் குட்டிகள்.